சாமை ஊருக்கு ஊர் வேறு, கம்பு கதிருக்குக் கதிர் வேறு: ஏன்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்களும் நண்பர்களும் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமும் ஜவ்வாது மலை மேலேயும் பழைய விதைகளைச் சேகரிக்கிறீர்கள். சாமை ஒரு கொல்லைக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது, அடுத்த ஊருக்குப் போனால் உயரமும் கதிரும் மாறிவிடுகிறது. கம்பு ஒரே கொல்லைக்குள்ளேயே கதிருக்குக் கதிர் வேறு, ஆனால் ஊருக்கு ஊர் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. இது ஏன், இதை வைத்து எந்தப் பயிரில் எத்தனை ஊர், எத்தனை செடி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் பார்த்தது சரியாகத்தான் இருக்கிறது. ஒரு செடி யாருடைய மகரந்தத்தில் விதை வைக்கிறது என்பதுதான் அந்த இனத்தின் மரபு வேறுபாடு எங்கே தங்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. தன் மகரந்தத்திலேயே விதை வைக்கும் செடியில் வேறுபாடு கூட்டத்துக்கும் (ஓரிடத்தில் சேர்ந்து நின்று பெருகும் ஒரே இனச் செடிகளைத்தான் கூட்டம் என்கிறேன்) கூட்டத்துக்கும் இடையில் போய் நிற்கும். பிற செடியின் மகரந்தத்தில் விதை வைக்கும் செடியில் ஒவ்வொரு கூட்டத்துக்கு உள்ளேயே நிறைந்திருக்கும். மண், மழை, உழவர் தேர்ந்தெடுக்கும் விதம் எல்லாமே வேலை செய்கின்றனதான், ஆனால் அவை எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல்தான் நடக்கின்றன.

சாமையின் பூ திறந்திருப்பதே மிகக் குறைந்த நேரம். நெல்லில் பூ திறக்கும் தறுவாயிலேயே மகரந்தப் பை வெடித்துத் தன் சூல்முடி மேலேயே கொட்டிவிடும். அயல் சேர்க்கை, அதாவது பிற செடியின் மகரந்தத்தில் விதை வைப்பது, பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. கேழ்வரகும் இதே வகைதான். இப்படிப்பட்ட செடியில் ஒரு மரபணுவின் இரண்டு நகலும் வேறு வேறாக இருந்தால், தன் சேர்க்கையில் பிறக்கும் பிள்ளைகளில் பாதிக்குத்தான் அந்த வேறுபாடு போகும், மற்ற பாதியில் இரண்டு நகலும் ஒன்றாகிவிடும். அடுத்த தலைமுறையில் கால், அதற்கடுத்து அரைக்கால். ஆறு தலைமுறை கழித்துப் பார்த்தால் ஒன்றரை சதவீதம் சொச்சம்தான் மிச்சம். அதாவது ஆறு பட்டம் விதைத்தால் ஒவ்வொரு செடியும் தன்னைப் போலவே பிள்ளை பெறும் ஒரு தனி வரிசை ஆகிவிடுகிறது. டென்மார்க்கில் வில்ஹெல்ம் யோகான்சன் 1903இல் பீன்ஸை வைத்துக் காட்டியது இதைத்தான்: கடையில் வாங்கிய ஒரே ரகப் பீன்ஸில் பெரிய விதை, சிறிய விதை என்று பிரித்து விதைத்தால் பலன் உண்டு, ஆனால் ஒரே செடியிலிருந்து வந்த தூய வரிசைக்குள் அதே வேலையைச் செய்தால் ஒன்றும் நகராது, ஏனென்றால் உள்ளே தேர்ந்தெடுக்க வேறுபாடே இல்லை.

கம்பு நேர் எதிர். கதிரில் முதலில் சூல்முடிகள் வெளியே வரும், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அதே கதிரின் மகரந்தப் பைகள் வரும். தன் மகரந்தம் தயாராகும் முன்பே காற்று பக்கத்துச் செடியின் தூளைக் கொண்டுவந்து போட்டுவிடும். முழுக்க முழுக்க அயல் சேர்க்கை என்று சொல்ல முடியாது, ஒரு செடியின் பல தூர்கள் முன்பின்னாகக் கதிர் விடுவதால் கொஞ்சம் தன் சேர்க்கையும் நடக்கும், ஆனால் பெரும்பகுதி அயல்தான். ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலவை, கொல்லை முழுவதும் ஒரே பெரிய மரபணுக் குளம். ஒரே கம்புச் செடியை உறை போட்டுக் கட்டித் தன் சேர்க்கையிலேயே சில தலைமுறை ஓட்டிப் பாருங்கள், செடி குட்டையாகும், வீரியம் குறையும், சில வெளிறிப்போய்ச் சாகும். இவ்வளவு நாளும் நல்ல நகலின் பின்னால் ஒளிந்திருந்த கெட்ட நகல்கள் இரண்டும் ஒன்றாக வந்து வெளிப்படுவதுதான் காரணம். டார்வின் 1876இல் ஒரு முழுப் புத்தகமே இதற்காக எழுதினார், பல இனங்களைத் தன் சேர்க்கையிலும் அயல் சேர்க்கையிலும் வளர்த்து உயரம், எடை, விதை எண்ணிக்கை என்று அளந்து.

சரி, இது கண்ணுக்குத் தெரிவது. கணக்கில் எவ்வளவு? ஹாம்ரிக், காட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990 வாக்கில், நூற்றுக்கணக்கான தாவர இனங்களில் அதுவரை செய்யப்பட்ட நொதி ஆய்வுகளை, அதாவது நொதிகளின் வடிவங்களை வைத்து மரபு வேறுபாட்டை அளந்த ஆய்வுகளை, தொகுத்தார்கள். ஒரு இனத்தின் மொத்த வேறுபாட்டில் கூட்டங்களுக்கு இடையே இருப்பது எவ்வளவு என்று பார்த்தால், தன் சேர்க்கை இனங்களில் சராசரியாக 51 சதவீதம். பூச்சியோ விலங்கோ மகரந்தம் கொண்டுபோகும் அயல் சேர்க்கை இனங்களில் சுமார் 20. காற்றில் பரவும் அயல் சேர்க்கை இனங்களில் சுமார் 10. அதாவது கம்பு போன்ற ஒரு செடியில் ஒரே கூட்டத்திலேயே இனத்தின் பத்தில் ஒன்பது பங்கு வேறுபாடு உட்கார்ந்திருக்கும், தன் சேர்க்கைச் செடியில் ஒரு கூட்டத்தை மட்டும் எடுத்தால் பாதி கைவிட்டுப் போகும். இவை பல இனங்களின் சராசரிதான், எந்தத் தனி இனமும் இந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டதில்லை. ஆனால் திசை மாறுவது அரிது.

இந்த இடத்தில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தன் சேர்க்கை மரபணு வடிவங்களை நேரடியாக அழிப்பதில்லை. ஒரு கொல்லையில் 'அ', 'ஆ' என்று இரண்டு வடிவம் பாதிப் பாதி இருந்தால், எத்தனை தலைமுறை தன் சேர்க்கை நடந்தாலும் அதனால் மட்டும் அந்தப் பங்கு மாறாது. கலந்திருந்த செடிகள் 'அஅ' ஒரு பக்கம் 'ஆஆ' ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும், அவ்வளவுதான். பார்க்கப்போனால் செடிக்குச் செடி உள்ள வித்தியாசம் இதனால் கூடவே செய்யும். இழப்பு வருவது வேறு வழிகளில். முழுத் தன் சேர்க்கையில் ஒரு செடியின் இரண்டு நகலும் ஒன்றே என்பதால் ஆயிரம் செடி நின்றாலும் மரபுக் கணக்குக்கு ஐந்நூறு மாதிரிதான், எனவே தற்செயலாக ஒரு வடிவம் காணாமல் போவது வேகமாகிறது. அப்புறம், தன் சேர்க்கைச் செடி ஒரே ஒரு விதையிலிருந்துகூட ஒரு புதுக் கூட்டத்தைத் தொடங்கிவிடும், துணை தேவையில்லை. தாவரவியலாளர் ஹெர்பர்ட் பேக்கர் 1955இல் சொன்ன கருத்து இது, தீவுகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் தன் சேர்க்கை இனங்கள் அதிகம் காணப்படுவதற்கு அவர் கொடுத்த விளக்கம். ஒரு விதையில் தொடங்கிய கூட்டத்தில் ஒரு விதையின் வேறுபாடுதானே இருக்கும்? மூன்றாவது, மரபணுக்கள் கலைந்து மறுகலவை ஆக வாய்ப்பு குறைவு என்பதால் ஒரு நல்ல மரபணு தேர்வாகும்போது அதோடு கூட இருக்கும் மற்ற எல்லாமும் சேர்ந்தே மேலே வருகிறது, ஒரு கெட்ட மரபணு ஒழியும்போது கூட இருக்கும் நல்லதும் சேர்ந்தே போகிறது. இந்த மூன்றும் சேர்வதால்தான் தன் சேர்க்கை இனங்களில் வேறுபாடு கணக்கு சொல்லும் பாதியைவிடவும் கீழே இறங்கிக் கிடப்பதை மறுபடி மறுபடி பார்க்கிறார்கள்.

வேர்க்கடலை இதற்குக் கடைசி எல்லை. தென் அமெரிக்காவில் இரண்டு காட்டு இனங்கள் கலந்து, குரோமோசோம் இரட்டித்து, அதிலிருந்து வந்த மிகச் சிறிய தொடக்கம். அதன் பிறகு ஏறக்குறைய முழுக்கத் தன் சேர்க்கை. நம் மாவட்டத்து மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை எத்தனை வகையாகத் தெரிந்தாலும் உள்ளே மரபணு அளவில் வேறுபாடு ரொம்பக் குறுகியது. இலைத் துரு நோய்க்கு எதிர்ப்பு வேண்டும் என்றபோது புது ரகம் உருவாக்குபவர்கள் அரக்கிஸ் கார்டினாசி என்ற காட்டு இனம் வரை போக வேண்டியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தென்னை, ஏனென்றால் ஒரே இனத்துக்குள் இரண்டு வழியும் இருக்கிறது. குடியாத்தம், பள்ளிகொண்டா பக்கத் தோப்புகளில் நீங்கள் பார்க்கும் நெட்டை மரத்தில் ஒரு பாளை வெடித்தால் ஆண் பூக்கள் முதலில் உதிர்ந்து முடியும், அதற்குப் பிறகுதான் குரும்பை மகரந்தம் ஏற்கத் தயாராகும். ஆகவே பக்கத்து மரத்திலிருந்துதான் வர வேண்டும். குட்டையில் இரண்டு கட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது, அதே பாளைக்குள்ளேயே சேர்க்கை முடிந்துவிடும். விளைவு நாற்றங்காலிலேயே தெரியும். ஒரு நல்ல நெட்டை மரத்தின் காயை நட்டால் பிள்ளைகள் தாயைப் போல வரும் என்று உறுதி சொல்ல முடியாது, ஒன்று நன்றாகக் காய்க்கும், ஒன்று காய்க்காது. சௌகாட் ஆரஞ்சுக் குட்டையின் காயை நட்டால் பெரும்பாலும் அதே ஆரஞ்சுக் குட்டைதான், நாற்றின் நிறத்திலேயே தெரிந்துவிடும். நிறம் மாறி நிற்கும் நாற்று வெளி மகரந்தத்தில் பிறந்தது என்று பிடித்துவிடலாம். மரபணு ஆய்வுகளிலும் நெட்டையில் ஒரு மரத்துக்குள்ளேயே நகல் வேறுபாடு அதிகம், குட்டையில் மிகக் குறைவு. ஒரே இனம், பூக்கும் நேரத்தில் சில நாள் வித்தியாசம் மட்டுமே.

பனை இன்னும் ஒரு படி மேலே: ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தன் சேர்க்கைக்கு வழியே கிடையாது. அதற்காகப் பனங்காட்டில் வேறுபாடு குறையாது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. நூறு மரத்தில் பத்துதான் ஆண் என்றால் அடுத்த தலைமுறையின் பாதி மரபு அந்தப் பத்து மரத்திலிருந்தே வருகிறது, கணக்கில் அந்தக் காடு முப்பத்தாறு மரத்துக்குச் சமம். ஆண் பனையால் நுங்கு இல்லை என்று செங்கல் சூளைக்கு வெட்டி அனுப்புகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆண் பூ பெண் பூ ஒன்றாக இருந்தும் தன் மகரந்தத்தை வேதியியல் முறையில் அடையாளம் கண்டு மறுக்கும் செடிகளும் உண்டு. முள்ளங்கி அப்படித்தான். இதில் அழகு என்னவென்றால், அந்த அடையாள மரபணுவில் அரிதான வடிவம் வைத்திருக்கும் செடிக்குத் துணை அதிகம் கிடைக்கும், அதனால் அரிதானது பெருகும், பெருகிய பின் அந்தச் சலுகை போய்விடும். இப்படிப் பல வடிவங்கள் ஒரே கூட்டத்தில் நீண்ட காலம் நிலைத்திருக்கும். ஆபத்தும் இங்கேயே இருக்கிறது: இரண்டு மூன்று முள்ளங்கிச் செடியை மட்டும் விதைக்கு விட்டால் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் விதையே பிடிக்காமல் போகலாம்.

மகரந்தம் எவ்வளவு தூரம் போகிறது என்பதும் பெரிய விஷயம். தன் சேர்க்கைச் செடியில் மரபணு ஊர் விட்டு ஊர் போக விதை ஒன்றே வழி. அயல் சேர்க்கையில் மகரந்தமும் போகும். மரபியலாளர் செவால் ரைட் போட்ட எளிய கணக்கின்படி ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு வெளி வரவு கலந்தால் போதும், கூட்டங்களுக்கு இடையிலான பங்கு 20 சதவீதத்தைச் சுற்றி நின்றுவிடும், அதற்கு மேல் விலகாது. ஆல், அரசு, அத்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: அவற்றுக்கென்றே உள்ள நுண்ணிய குளவி, ஒரு மரத்தில் பிறந்து இன்னொரு மரத்தின் காயைத் தேடி காற்றோடு போகிறது. நமீபியாவில் ஒரு அத்தி இனத்தில் 2009இல் வெளிவந்த ஆய்வு, குளவி 160 கிலோமீட்டர் வரை மகரந்தம் கொண்டுபோனதாகக் காட்டியது. வேலூரிலிருந்து சென்னை கடற்கரைக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை. தனியாக நிற்கிறதே என்று நாம் நினைக்கும் ஒரு ஆலமரம் மரபு வழியில் தனியாக இல்லாமல் இருக்கலாம்.

விதையும் இல்லாமல், அல்லது விதை இருந்தும் சேர்க்கை இல்லாமல் பெருகுபவை தனி வகை. நம் ஊர் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே மூன்று விதப் பூ அமைப்பு உண்டு, வெளியே பரவிய நாடுகளில் பெரும்பாலும் நடுத்தர நீளச் சூல்தண்டு கொண்டது மட்டும்தான், மரபணு ஆய்வு செய்தபோது பல ஏரிகள் முழுக்க ஒரே செடியின் துண்டுகளாக இருந்தன. கொழுக்கட்டைப் புல்லில் விதை உண்டு, ஆனால் பெரும்பாலும் தாயின் நகலாகவே விதை பிறக்கிறது. ஒட்டுக் கட்டிய மாவும் அப்படித்தான், எத்தனை ஏக்கர் தோட்டமானாலும் பங்கனபள்ளி என்றால் ஒரு மரபுதான். சந்தனத்தில் கொஞ்சம் கவனம் தேவை: அது பெரும்பாலும் அயல் சேர்க்கை மரம், ஆனால் வேரிலிருந்தும் குருத்து விடும். ஜவ்வாது மலையில் வெட்டிய அடியைச் சுற்றி நான்கைந்து நின்றால் அவை ஒரே மரத்தின் கிளைகளாக இருக்க வாய்ப்பு அதிகம், ஐந்திலும் விதை எடுத்துவிட்டு ஐந்து மரம் என்று எழுதக் கூடாது.

இரண்டு வழியையும் ஒரே செடி வைத்திருப்பதும் உண்டு. கொல்லையில் களையாக நீங்கள் பிடுங்கிப் போடும் கானாவாழையை வேரோடு எடுத்து மண்ணை உதறிப் பாருங்கள். மேலே நீலப் பூ, அடியில் மண்ணுக்குள் திறக்காமலேயே தன் சேர்க்கையில் விதை வைக்கும் பூக்கள்.

சரி, விதை சேகரிப்புக்கு வருவோம். ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு இருக்கும் ஒரு மரபு வடிவத்தை 95 சதவீத உறுதியோடு பிடிக்க வேண்டுமானால் 59 நகல் எடுக்க வேண்டும், இது வெறும் நிகழ்தகவுக் கணக்கு. கம்புச் செடி ஒவ்வொன்றும் இரண்டு தனித்தனி நகல் தரும், ஆகவே முப்பது செடி போதும். சாமையில் இரண்டு நகலும் ஒன்றே என்பதால் அறுபது செடி வேண்டும். ஆனால் அந்த அறுபதையும் ஒரே கொல்லையில் எடுத்தால் நூற்றில் பாதிதான் கிடைத்தது என்று மேலே பார்த்தோமே. எனவே சாமை, கேழ்வரகு, நெல் என்றால் நிறைய ஊர் போங்கள், மலையின் இரண்டு பக்கமும் போங்கள், அமிர்திப் பக்கம் ஏறுவது ஒன்று ஜமுனாமரத்தூர் பக்கம் ஒன்று. ஊருக்குப் பத்துப் பதினைந்து செடி எடுத்தாலும் சரி. கம்பு என்றால் மூன்று நான்கு இடம், ஒவ்வொன்றிலும் ஐம்பது கதிருக்குக் குறையாமல், கொல்லையின் குறுக்கும் நெடுக்கும் நடந்து, அழகான கதிரை மட்டும் பொறுக்காமல். சந்தையில் வாங்கி வந்த விதையா, பெண் கொடுத்த ஊரிலிருந்து வந்ததா, தாத்தா காலத்திலிருந்து வீட்டிலேயே இருப்பதா என்று கண்டிப்பாகக் கேட்டு எழுதுங்கள். தன் சேர்க்கைப் பயிரில் ஊர்களுக்கு இடையே மரபணுவைக் கொண்டுபோவது மனிதர்கள்தான், அந்தத் தகவல் இல்லாமல் எட்டு ஊர் விதை என்று நீங்கள் வைத்திருப்பது ஒரே மூட்டையிலிருந்து பிரிந்ததாக இருக்கலாம்.

தன் சேர்க்கைப் பயிரில் ஒவ்வொரு செடியின் விதையையும் தனிப் பையில் வைக்க முடிந்தால் வையுங்கள், அது அப்படியே நிலைத்திருக்கும். கம்பில் அதற்குப் பயன் குறைவு, எல்லாவற்றையும் கலந்தே வைக்கலாம், ஆனால் மறுபடி விதைக்கும்போது நூறு செடிக்குக் குறையாமல் பூக்க விட வேண்டும். தள்ளி விதைக்கும் தூரமும் இதே காரணத்தால்தான் மாறுகிறது: விதைச் சான்றளிப்பு விதிகளில் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் 3 மீட்டர் போதும், கம்பு ரகங்களுக்கு ஆதார விதைக்கு 400 மீட்டர், சான்று விதைக்கு 200. பக்கத்துக் கொல்லையில் வீரிய ஒட்டுக் கம்பு இருந்தால் உங்கள் பழைய கம்பு ஒரே பட்டத்தில் கலந்துவிடும். விதைப்பைப் பதினைந்து இருபது நாள் முன்பின் ஆக்கிப் பூக்கும் காலத்தைத் தள்ளிவைப்பதுதான் சிறு உழவருக்கு நடைமுறையில் முடிகிற வழி.

கடைசியாக, நீங்கள் தனியாகக் கேட்டிருந்த இலவம்பாடி முள்ளு கத்தரி. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லோரும் விதை கேட்கிறார்கள், அதனால் இதில் கவனமாக இருங்கள். கத்தரி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பயிர்: தன் மகரந்தத்தில் நன்றாகக் காய்க்கும், ஆனால் மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டுமே இருப்பதால் கருவண்டு போன்றவை வந்து அதிர வைத்துத் தூளைக் கொட்டச் செய்கின்றன, அப்படி வரும் வண்டு பக்கத்துத் தோட்டத்து ஒட்டு ரகத்தின் தூளையும் கொண்டுவரும். எவ்வளவு கலக்கும் என்பது இடத்துக்கு இடம், பட்டத்துக்குப் பட்டம் நிறைய மாறுகிறது. விதைக்கென்று இருபது முப்பது செடி ஒதுக்கி, நீளமான சூல்தண்டு உள்ள மொட்டாகப் பார்த்து, விரியும் முன்னாலேயே மெல்லிய வலைத் துணிப் பை கட்டிவிடுங்கள். பூ விரிந்ததும் காலையில் கிளையை லேசாகச் சுண்டிவிட்டால் போதும், காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் ஒரு வண்ண நூல் கட்டி, எல்லாச் செடியிலிருந்தும் ஒன்றிரண்டு பழம் எடுத்து விதையைக் கலந்துவிடுங்கள்.